குழந்தை வண்டி: கடையில் சொல்வதும் தெருவில் நடப்பதும்

சென்னையில் முதல் குழந்தை பிறந்த வீட்டில், தொட்டிலுக்கு அடுத்தபடி பேச்சு வருவது ஸ்ட்ரோலரைப் பற்றித்தான். அமெரிக்காவில் இருக்கும் அத்தை ஒன்று சொல்வார், எதிர்வீட்டு அக்கா இன்னொன்று சொல்வார், கடைக்காரர் இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் காட்டுவார். இந்த யோசனைகளில் பல வேறு ஊர்த் தெருக்களுக்குப் பொருந்துபவை. சில, குழந்தையின் மூச்சுக்கே ஆபத்தானவை. எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் வண்டி எது என்பதை விளம்பர அட்டை சொல்லாது. உங்கள் வீட்டுப் படியிலிருந்து நீங்கள் வழக்கமாகப் போகும் இடம் வரை உள்ள வழிதான் சொல்லும்.

நம்பிக்கை: வசதிகள் கூடினால் உபயோகமும் கூடும்

த்ரீ-இன்-ஒன், ஃபைவ்-இன்-ஒன் என்று விற்கிற வண்டிகளில் படுக்கை உண்டு, கார் சீட் உண்டு, இருக்கையைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். எல்லாம் சேர்ந்தால் எடை 12 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஒரு வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய 9 கிலோ. கூடையில் பால் பாட்டில், மாற்றுத் துணி, வழியில் வாங்கிய காய்கறி. லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பில் இரண்டாவது மாடிக்கு இத்தனையையும் ஏற்றுவது ஓர் அரிசி மூட்டையைச் சுமப்பதற்குச் சமம். அதனால்தான் இப்படிப்பட்ட வண்டிகளில் பல, முதல் சில மாதங்களுக்குப் பிறகு பேஸ்மென்டில் தூசு படிந்து நிற்கின்றன.

நகரத்தில் ஒரு வண்டிக்கு உண்மையான பரீட்சை ஆட்டோ ஏறும்போதுதான். ஆட்டோ வந்து நிற்கிறது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. இடது கையில் குழந்தை, தோளில் பை. மிச்சமிருக்கும் ஒரு கையால் பூட்டை விடுவித்து, வண்டியை மடக்கி, தூக்கி, கால் வைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். மடக்குவதற்கு முன் இருக்கையைத் தனியாகக் கழற்ற வேண்டிய வண்டி என்றால் அங்கேயே தோற்றுப்போகும். மடித்த பிறகு சாயாமல் தானாக நிற்கிறதா என்பதும் முக்கியம். கடையில் யாரும் இதைச் செய்து காட்டுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

மடக்கு வண்டி பிறந்த கதையும் இதே சிரமத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவன் மக்ளாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். மாஸ்கோவில் வசித்த அவருடைய மகள் கைக்குழந்தையோடு விமானத்தில் வந்தபோது, கனத்த குழந்தை வண்டியோடு (பிராம்) படும் பாட்டைப் பார்த்தார். விமானச் சக்கரம் மடங்கி உள்ளே போகும் நுட்பம் அவர் கைக்குப் பழகியது. அலுமினியக் குழாய்களை வைத்து, குடைபோல் மடங்கும் வண்டியை வடிவமைத்து 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் எடை சுமார் 3 கிலோதான். அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் பிடித்த நாடி சரியானது: நகரத்து வண்டியை உருட்டும் நேரத்தைப் போலவே தூக்கும் நேரமும் உண்டு. லிஃப்ட் இல்லாத வீடு, ஆட்டோ பயணம் இரண்டும் உங்களுக்கு இருந்தால் 7 கிலோவைத் தாண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மற்ற வசதிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: பெட்டியில் "0–36 மாதம்" என்று போட்டிருந்தால் பிறந்த குழந்தையை உட்காரவைக்கலாம்

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்வாக உட்காரவைத்தால் தலை முன்னால் கவிழும். தாடை மார்பில் படும்போது, ஏற்கெனவே குறுகலான மூச்சுக்குழல் மடங்கி அடைபடலாம். குழந்தை அழாது, திணறுகிற சத்தமும் வராது. தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1888 இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. முதுகுச் சாய்வுக்கும் இருக்கைக்கும் இடையிலான கோணம் 150 டிகிரிக்குக் குறைவாக இருந்தால், அந்த இருக்கை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏற்றதல்ல என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்த்ததோடு நிறுத்தாமல், முதுகுப் பலகையை முழுக்கச் சாய்த்துப் பாருங்கள். கிட்டத்தட்ட படுக்கைபோல் ஆக வேண்டும். துணியால் ஆன தொய்வான முதுகு, எடை ஏறியதும் குழிந்துவிடும். உள்ளங்கையை நடுவில் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும்.

கார் சீட்டைக் கழற்றி அப்படியே வண்டியின் மேல் பொருத்தும் வகையும் இருக்கிறது. காரிலிருந்து இறங்கி டாக்டர் அறை வரை போக அது நல்ல வசதி. விசேஷ வீட்டில் மூன்று மணி நேரம் குழந்தையை அதிலேயே தூங்கவிடுவது தவறு. கார் சீட், ஸ்ட்ரோலர், ஊஞ்சல் இருக்கை போன்றவற்றை வழக்கமான தூக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், அவற்றில் தூங்கிவிட்டால் சமதளமான இடத்துக்கு மாற்றிப் படுக்கவையுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் கூறுகிறது. நாலு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் அது கூடுதலாகவே எச்சரிக்கிறது. ஆனால் காரில் போகும்போது கார் சீட் கட்டாயம் வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெல்ட்டிலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையிலோ பிணைக்காமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும்.

நம்பிக்கை: நம்ம ஊர் ரோட்டுக்கு ஸ்ட்ரோலரே சரிப்படாது

இது பாதி உண்மை. குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல். நாம் நடக்கும் தெருவில் அந்த அகலத்தை டிரான்ஸ்ஃபார்மரும் இளநீர்க் கடையும் நிறுத்திவைத்த பைக்கும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பைக் ஏறாமலிருக்க நட்ட இரும்புக் கம்பங்களுக்கு நடுவே அகலமான வண்டி நுழையாது.

ஆனால் எல்லா இடமும் அப்படியில்லை. 2019-இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் எந்த வண்டியும் தாராளமாக உருளும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையில், 2023-இல் திறந்த நாளிலிருந்து லிஃப்ட் இருக்கிறது. மெட்ரோ நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. அதற்காகக் காத்திருப்பது அலுப்புதான், ஆனாலும் எஸ்கலேட்டரில் வண்டியை ஏற்றவே கூடாது. சாதாரண மாநகரப் பேருந்தின் படிகளில் மடக்காமல் ஏற வழியில்லை. தாழ்தளப் பேருந்து வருகிற தடம் என்றால் கதை வேறு.

உங்கள் தெரு மேடுபள்ளமானால் சக்கரத்தைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் மால் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். வடிகால் மூடியின் இடுக்கிலோ பெயர்ந்த டைல்ஸிலோ மாட்டினால் சட்டென்று நின்று, குழந்தை முன்னால் ஆடும். கொஞ்சம் பெரிய விட்டம், ரப்பர்போல் அமுங்கும் விளிம்பு, முன்சக்கரத்தில் சின்ன ஸ்பிரிங் இருந்தால் போதும். முன்சக்கரம் சுழலாமல் பூட்டும் வசதியையும் கேட்டு வாங்குங்கள். கரடுமுரடான இடத்தில் சக்கரம் குறுக்கே திரும்பாமல் நேராக ஓடும். காற்றடைத்த டயர் சுகமானது, ஆனால் பஞ்சர் ஆகும். உயரமான விளிம்பில் முன்னால் முட்டித் தள்ளாமல், வண்டியைத் திருப்பி, பின்சக்கரத்தை முதலில் ஏற்றி இழுத்தால் குழந்தைக்கு அதிர்ச்சி குறையும்.

சில இடங்களுக்கு வண்டியே வேண்டாம். ரங்கநாதன் தெருவின் பண்டிகைக் கூட்டத்திலும் கோயில் திருவிழாவிலும், இடுப்பிலோ மார்போடு அணைத்துக் கட்டும் கேரியரிலோ குழந்தையை வைத்துக்கொள்வதுதான் நல்லது.

நம்பிக்கை: மெல்லிய துணியைப் போர்த்தினால் வெயிலும் தூசும் அண்டாது

அக்கறையோடுதான் இதைச் செய்கிறோம். ஆனால் பருத்தித் துண்டோ மஸ்லினோ, முழுக்க மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்றுவிடும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடை வெயிலில் சோதித்துப் பார்த்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உலர்ந்த மஸ்லின் துணியால் மூடியபோது வண்டிக்குள் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் கூடியது. அதே துணியை நனைத்துப் போர்த்தி, சின்ன மின்விசிறியையும் மாட்டியபோது 4 டிகிரிக்கு மேல் குறைந்தது. நம் கடலோரப் புழுக்கத்தில் ஈரம் மெதுவாகத்தான் ஆறும் என்பதால் இங்கே அதே அளவு குளிர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. துணி காய்ந்ததும் பலன் தலைகீழாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. வாங்கும்போதே நன்றாகக் கீழே இறங்கும் கூரையும், வலைத்துணி ஜன்னலும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மூடவே நேர்ந்தால் ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள், கொதித்தால் உடனே வெளியே எடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பதினொரு மணிக்கு மேல் கைக்குழந்தையை வண்டியில் வெளியே கொண்டுபோகாமலிருப்பதே மேல்.

தூசு, புகை விஷயம் இன்னும் கவலை தருவது. ஸ்ட்ரோலரில் இருக்கும் குழந்தை தரையிலிருந்து 55 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில் மூச்சு விடுகிறது. வாகனப் புகைக்குழாய்கள் உமிழ்வதும் தரையை ஒட்டிய தாழ்வான உயரத்தில்தான். பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை அதிக மாசு பிராமில் இருக்கும் குழந்தைக்குப் போகக்கூடும் என்று, பிரிட்டனின் சரே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரசாந்த் குமாரின் குழு 2018-இல் எழுதியது. துணி இதைத் தடுக்காது. சிக்னலில் நிற்கும்போது வண்டியைச் சாலை விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்து வைப்பதும், அண்ணா சாலைக்குப் பதில் உள்தெரு வழியாகப் போவதும் பயன் தரும். இரண்டு வண்டிகள் மற்றபடி ஒன்றுபோலிருந்தால், இருக்கை உயரமாக உள்ளதை வாங்குங்கள்.

நம்பிக்கை: வெளியே பார்த்தபடி உட்கார்ந்தால்தான் குழந்தை கெட்டிக்காரியாகும்

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சுசான் ஸீடிக் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் சென்ற 2,700-க்கும் அதிகமான ஜோடிகளைக் கவனித்தார்கள். குழந்தை தங்கள் பக்கம் பார்த்தபடி இருந்தபோது, பெற்றோர் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகப் பேசினார்கள். முதல் வருடத்துக்கு நம் முகம்தான் குழந்தைக்கு வேடிக்கை. இருக்கையைத் திருப்பும் வசதிக்காக எடை நாலு கிலோ கூடுகிறது என்றால் எனக்கு அது வேண்டாம். அடிக்கடி நின்று, முன்னால் போய்க் குனிந்து பேசினாலே போதும்.

நம்பிக்கை: ஒரு நிமிஷம்தானே, பிரேக் எதற்கு

2009 அக்டோபரில் மெல்போர்ன் நகரின் ஆஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில், தாய் ஒரு கணம் கையை எடுத்தபோது பிராம் தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. வந்துகொண்டிருந்த ரயில் அதை மோதி இழுத்துச் சென்றது. ஆறு மாதக் குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது பெரும் அதிர்ஷ்டம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தளங்கள் பெரும்பாலும் மழைநீர் வடியச் சற்றுச் சரிவாகவே இருக்கும். நிற்கும் இடத்திலெல்லாம் பிரேக்கை மிதியுங்கள், பிளாட்பாரத்தில் வண்டியை ரயிலுக்கு இணையாக நிறுத்துங்கள். செருப்புக் காலால் போடவும் எடுக்கவும் முடிகிற பிரேக்தான் நமக்கு ஏற்றது. மேல்நோக்கி நெம்பி எடுக்கும் வகை கால்விரலைப் பதம் பார்க்கும்.

கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டுவதும் இதே வகை அலட்சியம்தான். குழந்தையைத் தூக்கிய நொடியில் லேசான வண்டி பின்பக்கமாகக் கவிழும். சமயத்தில் குழந்தையோடே கவிழும். கனத்தைக் கீழ்க் கூடையில் வையுங்கள், அதற்கும் அளவு உண்டு.

நம்பிக்கை: ஸ்ட்ரோலரில் வளர்ந்தால் நடக்கச் சோம்பல்படும்

மணிக்கணக்கில் கட்டிவைத்தால்தான் கெடுதல். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஸ்ட்ரோலரிலோ உயர நாற்காலியிலோ ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. பூங்காவுக்கு வண்டியில் போய், அங்கே இறக்கி ஓடவிடுகிற குழந்தைக்கு ஒரு குறையும் வராது.

நம்பிக்கை: அக்கா பிள்ளை உபயோகித்தது என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்

எடுத்துக்கொள்ளலாம், காசும் மிச்சம். முதலில் கீல்களைப் பாருங்கள். மக்ளாரன் நிறுவனமே 2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிரித்து விரிக்கும்போது கீலில் மாட்டி, பிள்ளைகளின் விரல் நுனி துண்டான சம்பவங்கள் பதிவாகியிருந்தன. கீல்களை மூடும் உறைகளை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. எந்தப் பழைய வண்டியானாலும் மாடல் பெயரைத் தேடிப் பார்த்து, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் உண்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தோள், இடுப்பு, கால் நடுவே என ஐந்து முனைப் பெல்ட் முழுசாக இருக்க வேண்டும். தையல் விட்டிருந்தால் வேண்டாம். மடக்குப் பூட்டு "டக்" என்று விழுகிறதா என்று பத்து முறை விரித்து மூடிப் பாருங்கள். விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை இரண்டடி தள்ளி, இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.