படித்துறையைத் தாண்டிய பக்தி

பாரத நாட்டில் நதியை வணங்காத ஊர் இல்லை. நதியில் கழிவை விடாத நகரமும் அநேகமாக இல்லை. காலையில் ஆற்றுக்குத் தீபம் காட்டப்படுகிறது. அன்று முழுவதும் அதே ஆற்றில் சாக்கடை கலக்கிறது. மலரும் குங்குமமும் பாலித்தீன் பையோடு சேர்த்தே நீரில் விடப்படுகின்றன. வணங்குபவரின் உள்ளத்தில் இது ஒரு முரண்பாடாகவே தோன்றுவதில்லை என்பது வியப்புக்குரியது. பக்திக்குக் குறைவில்லை. ஆனால் அது படித்துறையோடு நின்றுவிடுகிறது.

படித்துறையைத் தாண்டி, சாக்கடை புறப்படும் இடம் வரை சென்ற பக்தி ஒன்று பஞ்சாபில் உண்டு. அதன் களம் காளி வேயீன் என்னும் சிற்றாறு. ஹோஷியார்பூர் மாவட்டத்தில் முகேரியான் பகுதியில் ஊற்றெடுத்து, கபூர்தலா வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடி, பியாஸும் சட்லெஜும் கூடும் இடத்தருகே கலக்கிறது. அகலத்தால் பெரிய ஆறன்று. ஆயினும் சீக்கிய மக்களுக்கு இதைவிடப் புனிதமான நீர் அரிது. இதன் கரையிலுள்ள சுல்தான்பூர் லோதியில்தான் குருநானக் தேவர் இளமையில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். நவாபின் தானியக் களஞ்சியத்தில் கணக்கராகப் பணிபுரிந்தார். ஒரு நாள் நீராடச் சென்றவர் ஆற்றில் மறைந்தார் என்றும், மூன்றாம் நாள் வெளிப்பட்டபோது இந்து என்றும் முஸ்லிம் என்றும் பேதமில்லை என்பதே அவர் முதலில் உரைத்த சொல் என்றும் மரபு கூறுகிறது. நீரைத் தந்தை என்று போற்றிய மகான் அவர்.

அந்த நீர் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொட முடியாததாகிவிட்டது. கரையோர நகரங்களும் நாற்பதுக்கு மேற்பட்ட கிராமங்களும் தங்கள் கழிவு முழுவதையும் அதில் விட்டன. இவ்வாறு ஓர் ஆறு சாகும் முறையை அறிந்துகொள்வது நல்லது. சாக்கடையிலுள்ள மட்கும் பொருளை நுண்ணுயிர்கள் உண்ணும்போது, நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு செலவாகிறது. ஓடும் நீர் அதைக் காற்றிலிருந்து மீண்டும் பெற்றுக்கொள்ளும். தேங்கிய நீரால் அது இயலாது. மேலும், சாக்கடையின் சத்துக்களை உண்டு ஆகாயத்தாமரை தழைக்கிறது. அது நீர்ப்பரப்பை மூடி ஓட்டத்தைத் தடுக்க, சாக்கடை இன்னும் தேங்குகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழலில் மீன் முதலில் மடிகிறது. பிறகு கரையிலுள்ளோர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். காளி வேயீனின் படுகை சில இடங்களில் வயலாகவே மாறியிருந்தது. மேற்பகுதியில் நீர் வடிய வழியின்றி நிலங்கள் மூழ்கின. கீழ்ப்பகுதியில் நீரின்றி வறண்டன.

2000ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சீச்சேவால் என்னும் சிற்றூரின் துறவி சந்த் பல்பீர் சிங், தொண்டர்கள் சிலருடன் அந்த நீரில் இறங்கினார். அரசாணை இல்லை, நிதி ஒதுக்கீடு இல்லை. ஆகாயத்தாமரையைக் கையால் பிடுங்கிக் கரையில் குவித்தனர். இதைச் சீக்கியர் கார் சேவை என்பர். தமிழகத்தில் அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திச் செய்த திருப்பணியின் இனத்தைச் சேர்ந்தது அது. கோயில் முற்றத்தைச் செதுக்கும் தொண்டு இங்கே ஆற்றுப் படுகைக்கு வந்தது. ஊர்மக்கள் உணவு சமைத்து அளித்தனர், டிராக்டர்களைத் தந்தனர். கரைகள் செப்பனிடப்பட்டன; ஓரமாகப் பாதைகளும் படித்துறைகளும் அமைந்தன; மரங்கள் நடப்பட்டன. ஆண்டுக்கணக்கில் நீடித்த உழைப்பு இது. பின்னர் பியாஸ் ஆற்றின் நீரும் இதில் விடப்பட்டது.

களை அகற்றுவது எளிய பாதி என்றே சொல்ல வேண்டும். சாக்கடைக் குழாய் திறந்திருக்கும் வரை ஆகாயத்தாமரை திரும்பி வரும். குழாயை அடைத்துவிடலாம், ஆனால் அடைத்த நீர் எங்கே போகும்? கிராமத்து மக்கள் கெட்டவர்கள் அல்லர். கழிவுநீரை விட அவர்களுக்கு வேறு இடம் இருந்ததில்லை, அவ்வளவே. அவர்களைக் கடிந்துரைப்பதோடு நின்றிருந்தால் இந்த முயற்சியும் பத்தோடு பதினொன்றாக முடிந்திருக்கும்.

சீச்சேவாலில் உருவான முறை இந்தக் கேள்விக்கு விடையாயிற்று. வீடுகளின் கழிவுநீர் தெருவில் ஓடாமல் நிலத்தடிக் குழாய்களில் ஊருக்கு வெளியே செல்கிறது. அங்கே அடுத்தடுத்து மூன்று கிணறுகள். முதற்கிணற்றில் நீர் சுழன்று இறங்குவதால் பாரமான கசடு அடியில் தங்குகிறது. பிளாஸ்டிக் முதலிய திடக்கழிவும் அங்கேயே பிரிக்கப்படுகிறது. எண்ணெயும் நுரையும் அடுத்த கட்டத்தில் நிற்கின்றன. மூன்றாவதைக் கடந்த நீர் ஒரு குளத்தில் வெயிலும் காற்றும் படத் தங்கி, அதன்பின் வயலுக்கு இறைக்கப்படுகிறது. ஆற்றைக் கொன்ற அதே சத்து பயிருக்கு உரமாகிறது. நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்து நெல் விளைவிக்கும் பஞ்சாபில், இவ்வாறு கிடைக்கும் நீர் ஒவ்வொரு துளியும் மிச்சம். உழவர் இதை ஏற்றுக்கொண்டதற்குச் சமய உணர்வோடு இந்தக் கணக்கும் காரணம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. வேறு பல கிராமங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. கங்கைத் தூய்மைப் பணியின் பொறுப்பாளர்களும் இதைக் கருத்தில் கொண்டனர்.

குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் 2006ஆம் ஆண்டில் நேரில் வந்து இப்பணியைக் கண்டார். இராமேசுவரத்தில் கடலைப் பார்த்து வளர்ந்தவர், வடகோடியின் ஒரு சிற்றாற்றங்கரையில் நின்று தொண்டர்களைப் பாராட்டினார். சந்த் பல்பீர் சிங்குக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குருநானக்கின் 550ஆவது அவதார ஆண்டான 2019இல் லட்சக்கணக்கானோர் சுல்தான்பூர் லோதியில் கூடியபோது, அவர்களை வரவேற்க அங்கு ஓர் ஆறு இருந்தது.

இத்துடன் எல்லாம் நிறைவுற்றதாக எண்ணுவது தவறு. தூய்மையான பின்னரும் சில ஆண்டுகளில் காளி வேயீனில் மீன்கள் செத்து மிதந்தன. நீர்வரத்துக் குறைந்த நாட்களில் எங்கோ ஒரு நகரத்துச் சாக்கடை மீண்டும் நுழைந்தால் போதும். பல ஆண்டுத் தொண்டின் பயனைச் சில இரவுகள் அழித்துவிடுகின்றன. கிராமம் தன் சாக்கடையைத் திருப்பிக்கொள்ள மூன்று கிணறு போதும். நகரத்துக்குச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும்; அது கட்டப்பட்டால் மட்டும் போதாது, நாள்தோறும் இயங்கவும் வேண்டும். அங்கே மண்வெட்டியால் மட்டும் காரியம் ஆகாது. நகராட்சியின் வாசலில் சலிக்காமல் நிற்கும் பொறுமையும் தேவைப்படுகிறது.

லூதியானா நகரின் ஊடே ஓடிச் சட்லெஜில் சேரும் புட்டா தரியாவின் நிலை இதனினும் கடினம். வீட்டுச் சாக்கடையோடு சாயப்பட்டறைகளின் கழிவும், பால்பண்ணைகளிலிருந்து வரும் மாட்டுச் சாணமும் அதில் கலக்கின்றன. சாயத்தின் இரசாயனத்தைக் கிணறும் வெயிலும் பிரித்துவிட முடியாது. அதற்குரிய ஆலைகளை நடத்த வேண்டியவர்கள் நடத்தியாக வேண்டும். ஆனால் சாணம் உரமாகும்; கரையைத் துப்புரவு செய்யலாம்; மரம் நடலாம்; எந்தக் குழாய் எங்கே திறக்கிறது என்று கரையோடு நடந்து கண்டறியலாம். 2024ஆம் ஆண்டில் சீச்சேவால் தொண்டர்கள் அந்தக் கரையில் பணியைத் தொடங்கினர்.