உழக்கும் பல்லாங்குழியும்: வீட்டிலே குழந்தைகளுக்குக் கணக்குப் பழக்கும் வகை

சங்கக் கணக்குகளைப் பார்வையிட வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குச் செல்லுங்கால், அங்கத்தினர்களிற் சிலர் தம் பாஸ் புஸ்தகத்தை என்னிடம் நீட்டி, "இதிலே எவ்வளவு ஏறியிருக்கிறது, பாருங்கள் ஐயா" என்று கேட்பதுண்டு. கணக்கர் எழுதியதே கணக்கென்று நம்பியிருப்பவர்கள் இவர்கள். ஒரு பால் சங்கத்தில் ஓர் அம்மாளின் அட்டையில் மூன்று வேளைப் பால் பதியாமலே விடுபட்டிருந்தது. அதனை அவர் அறியவில்லை. கூட வந்திருந்த ஏழு வயதுப் பேத்தி விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். எழுத்தர் தம் கைத்தவறுதலை ஒப்புக்கொண்டு பதிந்து கொடுத்தார். எண்ணுவதற்கு யார் பழக்கினார்கள் என்று அச்சிறுமியை வினவினேன். "அப்பத்தாவும் நானும் பல்லாங்குழி ஆடுவோம்" என்றாள். அட்டையிலுள்ள எண்ணை வாசிக்க அறியாத அந்த அம்மாளே பேத்திக்குக் கணக்கு வாத்தியார்!

பல்லாங்குழியிற் பதினான்கு குழிகள் உண்டு. குழிக்கு 5 முத்தாக இட்டால் மொத்தம் 70. ஊருக்கு ஊர் விதி சற்று மாறினும், ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வதே ஆட்டம். ஒரு முத்துக்கு ஒரு குழி என்று கைபோகும்போது, ஒன்றுக்கு ஒன்று பொருத்தி எண்ணும் பழக்கம் குழந்தைக்குத் தானே வந்துவிடுகிறது. நான்கு முத்துச் சேர்ந்த குழியைப் "பசு" என்று எடுப்பதால், எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் நான்கை அறியக் கண் பழகுகிறது. இந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டி யோசிப்பதோ பெரியவர்களுக்கும் பயன்படும் வித்தை. மிகச் சிறு குழந்தைக்கு விதியெல்லாம் வேண்டாம். நான்கு குழிகளை நிரப்பி விளையாடினாற் போதும். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் புளியங்கொட்டையையும் சோழியையும் வாயிற் போட்டுக்கொள்வார்கள்; அது மூச்சுக்குழலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் அருகில் ஒருவர் இருந்தே தீரவேண்டும்.

அடுத்தது அடுப்பங்கரை. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பின் கிலோவும் லிட்டரும் வழக்கத்துக்கு வந்துவிட்டபோதிலும், பல வீடுகளில் அரிசிப் பானைக்குள் உழக்குக் கிடக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி. அரை, கால், அரைக்கால் என்னும் பின்னங்களைப் பலகையில் எழுதிக் காட்டுவதைக் காட்டிலும், அள்ளிக் கொட்டச் சொல்வது எளிது.

இதில் நானே ஒரு பிழை செய்தேன். என் மகளுக்கு ஐந்து வயதாயிருக்கையில், உழக்கால் அரிசியை அளந்து படியில் இடச் சொல்லி அருகில் அமர்ந்தேன். மூன்றாவதை இரண்டென்றாள், திருத்தினேன். நாலு அரிசி சிந்தினாள், அதட்டினேன். மறுநாள் அவள் உழக்கைத் தொடவே மறுத்துவிட்டாள். தணிக்கை உத்தியோகத்தின் வாசனை வீட்டிலும் போகவில்லை போலும்! பின்பு என் தாயார் உலை வைக்கும் வேளையில், "ஆத்தா, இன்னைக்கு நமக்கு எத்தனை உழக்குப் போடணும்?" என்று அவளைக் கேட்டு, வேண்டுமென்றே ஒன்று குறைத்துப் போட்டார். "இல்லை அப்பத்தா, இன்னும் ஒண்ணு!" என்று குழந்தை ஓடி வந்தது. அன்று முதல் உலையரிசிக் கணக்கு அவள் பொறுப்பாயிற்று.

ஒரு உழக்குத் தண்ணீரை அகன்ற கிண்ணத்திலும், மற்றோர் உழக்கை ஒடுங்கிய உயர்ந்த டம்ளரிலும் ஊற்றி, எதில் அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் டம்ளரையே காட்டும். அது மந்தபுத்தியன்று. சுவிட்ஸர்லாந்து தேசத்து ழான் பியாஜே என்னும் அறிஞர் இவ்வாறே குழந்தைகளைச் சோதித்து, ஆறேழு வயதுக்கு முன் இது இயல்பே என்று கண்டார். விடையைச் சொல்லிவிடாமல், மறுபடி உழக்கிலேயே ஊற்றிப் பார்க்க விடுங்கள்.

ஊற்றுதல், அளத்தல், பிரித்தடுக்குதல் ஆகிய வீட்டு வேலைகளையே பாடமாக்கியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-இல் ரோமாபுரியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய இவர், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். யுத்த காலத்தில், 1942 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், அக்காலத்து மதுரை ஜில்லாவைச் சேர்ந்த கொடைக்கானலில் வசித்தார். அவருடைய முறைப்படி செய்த மரச்சாமான்கள் விலை கூடியவை. நமக்கு அவை வேண்டுவதில்லை. துவரையும் மொச்சையும் கலந்த ஒரு முறமும், பிரித்து வைக்க இரு கொட்டாங்கச்சியும் போதும்.

பூக்கட்டும் வீடுகளில் வேறொரு வேடிக்கை உண்டு. ஒரே மல்லிகைச் சரத்தைத் தாயும் பிள்ளையும் தத்தம் கையால் முழம் போட்டுப் பார்க்கட்டும். தாய்க்கு இரண்டு முழம் வருவது பிள்ளைக்கு மூன்றாக வரலாம். "சரம் ஒன்றுதானே, எப்படி மாறியது?" என்று கேட்டுவிட்டுச் சும்மாயிருங்கள். அளவுகோல் ஒன்று ஏன் வேண்டுமென்பதைப் பிள்ளை தானே சொல்லும். வாசற் கோலத்திலும் இவ்விதமே. ஐந்து புள்ளி, இருபுறமும் மூன்று வரை ஊடுபுள்ளி என்றால் மொத்தம் எத்தனை? வைத்துவிட்டு எண்ணட்டும், 19 வரும்.

இவற்றுக்குத் தனியே நேரம் ஒதுக்கவேண்டியதில்லை. கால் மணிக்கு மேற் போனால் பிள்ளை சலித்துவிடும். தகப்பன்மார் இதைப் பெண்களின் வேலையென்று ஒதுங்குவது சரியன்று. உரக்கடையிலும் சந்தையிலும் மிச்சச் சில்லறையை எண்ணி வாங்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம். அடுத்த முறை சங்கத்துக்கு வரும்போது குழந்தையையும் அழைத்து வாருங்கள். பாஸ் புஸ்தகத்தின் கடைசி வரியிலுள்ள எண்ணை அது உரக்க வாசிக்கட்டும், நீங்களும் விரல் வைத்துக் கூடவே பாருங்கள்.