சொந்த நிலத்தில் ‘ஹெம்ப்’ பயிரிடலாமா?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில் எனக்கு 28 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. காட்டுமாடு தொல்லையால் பாதி நிலம் தரிசாகக் கிடக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர், “5 ஏக்கரில் ஹெம்ப் போடுங்கள். போதை தராத கஞ்சா ரகம், உத்தராகண்டில் அரசே அனுமதித்திருக்கிறது. விதையும் தருகிறோம், விளைச்சலையும் எடுத்துக்கொள்கிறோம்” என்கிறார். ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்கிறார். நோட்டரி முன் ஒப்பந்தம் போடலாமாம். இறங்கலாமா? இல்லை, நிலத்தை அவருக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இறங்காதீர்கள். குத்தகைக்கும் விடாதீர்கள். முன்பணம் இன்னும் கைமாறவில்லை என்றால், அப்படியே நிறுத்திவிடுங்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 10-வது பிரிவு, கஞ்சா செடி வளர்ப்பை அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தருகிறது. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதி கொடுக்கலாம் என்கிறது 14-வது பிரிவு. இந்த வழியில்தான் உத்தராகண்ட், போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யின் அளவு 0.3 சதவீதத்தைத் தாண்டாத ரகங்களுக்கு உரிமம் கொடுத்தது. ஆனால் அந்த உரிமம் அந்த மாநில எல்லையோடு நின்றுவிடும். தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு அப்படியோர் உரிம முறை இல்லை. டேராடூனில் வாங்கிய உரிமத்தின் நகலைக் காட்டி இங்கே ஒரு செடிகூட வைக்க முடியாது.

‘போதை தராத ரகம்’ என்ற பேச்சும் நீதிமன்றத்தில் எடுபடாது. கஞ்சா பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் கஞ்சா செடிதான் என்கிறது சட்டம். டி.எச்.சி. எவ்வளவு என்று அந்த வரையறை பார்ப்பதே இல்லை. அவர் அடுத்து சொல்லப்போவதையும் நானே சொல்லிவிடுகிறேன்: “இலையும் விதையும் கஞ்சா ஆகாது, சட்டத்திலேயே இருக்கிறது.” இருக்கிறது, உண்மைதான். பூத்த நுனி சேராத இலையும் விதையும் ‘கஞ்சா’ என்ற வரையறைக்குள் வராது. உணவுக்கான ஹெம்ப் விதை கடையில் விற்பதும் 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்ததுதான். ஆனால் செடி வளர்ப்பது தனிக் குற்றம். 20-வது பிரிவின் (அ) உட்பிரிவில் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கஞ்சா வைத்திருந்தால் ஒரு கிலோவுக்குக் கீழ் சிறிய அளவு என்று சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறதே, அது செடி வளர்த்தவருக்குக் கிடையாது. நாலு செடிக்கும் நாலாயிரம் செடிக்கும் பிரிவு ஒன்றுதான். பூத்த நுனி 20 கிலோவைத் தாண்டிவிட்டால் வணிக அளவு வழக்கும் சேரும். அதில் குறைந்தபட்ச தண்டனையே 10 ஆண்டு; 37-வது பிரிவைத் தாண்டி ஜாமீன் வாங்குவது மிகக் கடினம். 5 ஏக்கர் பயிருக்கு 20 கிலோ என்பது ஒரு மூலையிலேயே தேறிவிடும்.

குத்தகை யோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பெரிய நிலம் வைத்திருப்பவர்கள் ‘யாரோ பயிர் வைத்தார்கள், எனக்கென்ன’ என்று நினைத்துவிடுகிறார்கள். தெரிந்தே இடம் கொடுத்த உரிமையாளருக்கும் பயிர் வைத்தவருக்குரிய அதே தண்டனை என்கிறது 25-வது பிரிவு. தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா வளர்வது தெரிந்தால் நில உடைமையாளர் உடனே தகவல் தர வேண்டும் என்பது 46-வது பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். கிராம அலுவலர்களுக்கும் 47-வது பிரிவில் இதே கடமை இருக்கிறது. உங்கள் வி.ஏ.ஓ. அடங்கலில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே ‘பயிர்’ என்ற இடத்தில் என்ன எழுதுவார்? வழக்கு என்று வந்தால் அரசுத் தரப்பின் முதல் சாட்சிகளில் அவரும் ஒருவராக இருப்பார்.

அலக் ராம் வழக்கில், நிலத்தில் செடி இருந்தது என்பது மட்டும் போதாது, குற்றம் சாட்டப்பட்டவர்தான் பயிரிட்டார் என்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலியோரம் தானாக முளைத்த செடிக்காக மாட்டிக்கொண்டவரை அந்தத் தீர்ப்பு காப்பாற்றும். பாத்தி கட்டி, சொட்டுநீர் போட்டு, கையெழுத்தும் போட்ட உங்களைக் காப்பாற்றாது. அந்த நோட்டரி ஒப்பந்தமே ‘தெரிந்தே செய்தார்’ என்பதற்கு எழுத்து ஆதாரமாகிவிடும். சட்டம் தடுத்த காரியத்துக்கான ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவின்படி செல்லாது. விளைச்சலை எடுக்காமல் அவர் கம்பி நீட்டினாலும், அந்த ஒப்பந்தத்தைக் காட்டி நீங்கள் வழக்குப் போட முடியாது.

இந்தப் பயிரில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், சென்னையில் உள்ள உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கு 10, 14-வது பிரிவுகளைக் குறிப்பிட்டு மனு அனுப்புங்கள். மனுப் போடுவது குற்றமில்லை. எழுத்தில் அனுமதி வரும்வரை ஒரு விதைகூட மண்ணில் விழக்கூடாது. நார்ப்பயிர்தான் வேண்டுமென்றால் சணப்புக்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

அவர் ஏற்கெனவே விதைப் பொட்டலம் எதையாவது வைத்துவிட்டுப் போயிருந்தால், அதைப் பிரிக்கவோ அக்கம்பக்கத்தில் கொடுக்கவோ வேண்டாம். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரோடு காவல் நிலையம் சென்று, யார் எப்போது கொடுத்தார் என்று எழுதிக் கொடுத்து, பொட்டலத்தை ஒப்படைத்துவிட்டு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.