எல்லார்க்கும் திறந்த வாயில்

திருவாலங்காடு, ஐம்பெரும் சபைகளுள் ஒன்றாகிய இரத்தின சபையால் புகழ்பெற்ற ஊர். முதலாம் இராசேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரை அக்கோயிலுக்கு அளித்ததைக் கூறும் செப்பேடுகள் 1905-ஆம் ஆண்டில் அங்குக் கிடைத்தன. சோழர்குலப் பெருமை அவற்றில் வடமொழியில் பாடப்பெற்றுள்ளது. ஊரார் அறியவேண்டிய நில எல்லை முதலியனவோ தமிழில் உள்ளன. அறியவேண்டியவரைச் சென்றடையும் எழுத்தே பயனுடைய எழுத்தாகும்.

இக்காலத்தில் வணிகர் தம் பொருள்களையும் விலைகளையும் இணையதளத்தில் எழுதி வைக்கின்றனர். திருவாலங்காட்டில் வாழும் பார்வையற்ற ஒருவர், சென்னைக் கடையொன்றில் இணையவழி ஆடை வாங்க விரும்புகிறார் எனக் கொள்க. கணினியின் எழுத்துகளைக் குரலாக மாற்றும் 'திரைவாசிப்பான்' என்னும் மென்பொருள் அவருக்குத் துணைநிற்கிறது. ஆயினும், ஆடையின் படத்தோடு அதன் நிறத்தையும் வகையையும் கூறும் சொற்கள் இணைக்கப்படாவிடின், 'படம்' என்பதற்கு மேல் அக்கருவி யாது கூறும்? கையில் பொருளிருந்தும் அவர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார்.

இத்தடைகளை நீக்குதல் அரிதன்று. படந்தோறும் விளக்கச் சொற்கள் சேர்த்தல் வேண்டும். கைந்நடுக்கம் உடையோர் சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டுமே இயக்குமாறு பக்கங்களை அமைத்தல் வேண்டும். செவிப்புலன் இழந்தோர்க்காக ஒளிக்காட்சிகளில் பேச்சை எழுத்தாகவும் காட்டுதல் வேண்டும். எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் நன்கு வேறுபட்டிருத்தல் வேண்டும். இத்தகைய நெறிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-ஆம் ஆண்டிலேயே வகுத்து வெளியிட்டது. தளத்தை அமைக்கும்போதே இவற்றைக் கருதினால் உழைப்பும் செலவும் குறையும். கட்டிய வீட்டை இடித்துக் கதவு வைப்பதினும், கட்டும்போதே வைப்பது எளிதன்றோ?

இஃது இரக்கத்தால் செய்யும் உதவி அன்று, உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிறுவனமாயினும் தனியார் நிறுவனமாயினும் தம் சேவைகளை அனைவரும் அணுகுமாறு அமைக்கவேண்டும் என்கிறது. அமிலவீச்சால் முகம் சிதைந்தோரும் பார்வையற்றோரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். இணையவழி அடையாளம் காட்டும்போது கண்ணிமைத்துக் காட்டுமாறு கேட்கப்பட்டதும், அவ்வாறு செய்ய இயலாமையால் சேவை மறுக்கப்பட்டதும் அவர்தம் முறையீடு. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்து, 20 கட்டளைகளையும் பிறப்பித்தது.

முதுமையில் கண்ணொளி மங்குவதும் கை நடுங்குவதும் மக்கட்கு இயல்பு. ஆதலின், இன்று சிலர்க்கென அமைக்கும் வழி நாளை பலர்க்கும் உதவும். இணையதளம் அமைக்கும் தொழிலை மேற்கொள்ளும் இளைஞர், வருவோர் அனைவரும் நுழையத்தக்க வாயிலை அமைப்பதைத் தம் தொழிலின் முதற்கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.