லெக்கின்ஸ் தைக்க ஓவர்லாக் மெஷின் வேண்டுமா?

கல்மண்டபம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஜாக்கெட்டும் சுடிதாரும் வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் பெண்கள் நிறையப் பேர். அதே பெண்கள் உடற்பயிற்சிக்குப் போடும் லெக்கின்ஸ், டி-ஷர்ட் என்றதும் “அதெல்லாம் கம்பெனி வேலை” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். காலையில் ராபின்சன் பூங்காவில் துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு சுடிதாரில் வேகநடை போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

துணி இந்தப் பகுதிக்குப் புதிதா என்ன? கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்தவர்களால் பெயர் பெற்றது வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் திருவொற்றியூர் காலடிப்பேட்டை. ஆனால் அதெல்லாம் தறியில் நெய்த துணி. நமக்குக் கைவந்த தையலும் நெய்த துணிக்கானதுதான். உடற்பயிற்சி உடை பின்னல் துணி, அதாவது திருப்பூர் பனியன் துணியின் இனம். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தராததால்தான் பல தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

“ஓவர்லாக் இல்லாமல் முடியாது.”

முடியும். ஓரத்தை வெட்டி, இணைத்து, நூலைச் சுற்றிக் கட்டுவது மூன்றையும் ஓவர்லாக் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும். ஆயிரக்கணக்கில் தைக்கும் பனியன் கம்பெனிக்கு அந்த வேகம் வேண்டும். வீட்டில் ஒரு லெக்கின்ஸ் தைக்க அது வேண்டியதில்லை. நெய்த துணி மாதிரிப் பனியன் துணியின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வராது, சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். ஜிக்ஜாக் போடும் மெஷின் இருந்தால் அகலம் 1 மில்லிமீட்டர், நீளம் 2.5 மில்லிமீட்டர் வைத்து அடியுங்கள். துணி இழுபடும்போது தையலும் கூட இழுபடும்.

நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின் என்றால்? சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுத்ததோ, அம்மா வீட்டிலிருந்து வந்த கால் மெஷினோ, எதுவானாலும் ஆரம்பிக்கலாம். பருத்தி நூலை விட்டுவிட்டு பாலியஸ்டர் நூல் போடுங்கள். துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். ஒன்று கவனம்: உடம்போடு ஒட்டிய லெக்கின்ஸில் குந்தி எழுந்தால் நேர்த்தையல் அறுந்துவிடும். அந்த மெஷினில் கொஞ்சம் தளர்வான டிராக் பேன்ட், டி-ஷர்ட் தைப்பதே நல்லது.

“தையல் விட்டு விட்டு விழுகிறது, மெஷின் போச்சு.”

முதல்முறை லைக்ரா துணி தைப்பவர்கள் பெரும்பாலும் மனம் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். பத்துத் தையல் ஒழுங்காக விழும், அடுத்த மூன்று காணாமல் போகும். உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். ஊசி கீழே போய் மேலே கிளம்பும்போது, அதன் பின்பக்கம் நூலில் ஒரு சின்ன வளையம் விழ வேண்டும். அடியில் சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல். இழுபடும் துணி ஊசியைக் கவ்விக்கொண்டு அதனுடனேயே மேலே எழும்பினால் வளையம் விழாது, கொக்கிக்கு எதுவும் சிக்காது.

இதற்கு மருந்து ஊசிதான். ‘ஸ்ட்ரெட்ச்’ அல்லது ‘பால்பாயின்ட்’ என்று கேட்டு வாங்குங்கள். நுனி சற்றே உருண்டிருக்கும். கூரான ஊசி பின்னல் இழையைக் குத்தி அறுக்கும், இது கண்ணிகளுக்கு நடுவே விலக்கிக்கொண்டு போகும். லெக்கின்ஸ் துணிக்கு 11-ஆம் நம்பர் போதும். உங்கள் மெஷினில் இருக்கும் பழைய ஊசியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அடிப்பாகம் தட்டையா உருண்டையா என்று பொருத்திப் பார்த்து வாங்குங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர் இது. மெஷினிலேயே கிடந்து துருவேறிய ஊசியால் தைத்தால் தையல் ஓரமாகப் பொடிப்பொடி ஓட்டைகள் வரிசை கட்டும்.

“லைக்ரா என்று சொன்னால் எல்லாம் ஒன்றுதான்.”

லைக்ரா என்பது ஸ்பான்டெக்ஸ் இழையின் வணிகப் பெயர். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கியது. துணியில் அது கொஞ்சம்தான் கலந்திருக்கும், எவ்வளவு என்பது துணிக்குத் துணி மாறும். எம்.சி. ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் கையாலேயே சோதியுங்கள். 10 சென்டிமீட்டரைப் பிடித்து இழுத்தால் 15 வரையாவது வர வேண்டும், விட்டால் பழையபடி திரும்ப வேண்டும். தொளதொளவென்று நின்றுவிட்டால் ஒரே வாரத்தில் முட்டி புடைத்துக்கொள்ளும். இழுத்த துணிக்குப் பின்னால் உங்கள் விரல் தெரிகிறதா என்றும் பாருங்கள், குனியும்போது அப்படியேதான் தெரியும். வெட்டும்போது அதிகம் இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும்.

“அளவுக்கு மேல் இரண்டு இஞ்ச் லூஸ் விடணும்.”

ஜாக்கெட்டுக்குச் சரி. ஒட்டிய லெக்கின்ஸுக்குத் தலைகீழ். 40 இஞ்ச் இடுப்புச் சுற்றளவுக்கு 36 இஞ்சில் வெட்டினால்தான் நழுவாமல் நிற்கும், நன்றாக இழுபடும் துணிக்கு இது தோராயக் கணக்கு. கவுட்டியில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் சேரவிடாமல் டைமண்ட் துண்டு ஒன்று வைத்துவிடுங்கள், குந்தும்போது பிரியாது.

“வியர்வைக்குக் காட்டன்தான்.”

பாதி உண்மை. காட்டன் வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சென்னைப் புழுக்கத்தில் காயாமல் கனக்கும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் நாற்றம் பிடிக்கும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேர் பயிற்சி செய்து கழற்றிய டி-ஷர்ட்களில் பாலியஸ்டரே மோசமாக நாறியது. ஆகவே நடைக்குக் காட்டன்-லைக்ரா, கடும் பயிற்சிக்குப் பாலியஸ்டர், போட்ட அன்றே அலசல். எந்தத் துணியானாலும் வெட்டுமுன் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். காட்டன் பின்னல் நன்றாகவே சுருங்கும்.

மலிவாக முடியும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நடைபாதையில் விற்கும் லெக்கின்ஸைவிட உங்கள் முதல் உடுப்புக்குச் செலவு கூடலாம். ஆனால் போன் வைக்கப் பாக்கெட்டும், உங்கள் இடுப்புக்குச் சரியான உயரமும் கடை லெக்கின்ஸில் கிடைப்பது அபூர்வம். ஸ்போர்ட்ஸ் பிராவில் கை வைக்காதீர்கள், அதற்கு அனுபவம் வேண்டும். புது ஊசி ஒன்று வாங்கி, வீணாய்ப்போன பழைய பனியனில் நாலு வரி தைத்துப் பழகிவிட்டு, தளர்வான ஒரு ஷார்ட்ஸில் தொடங்குங்கள்.