தடுமாறாமல் நிற்க எந்தப் பயிற்சி?

பூட்டுப் பட்டறையிலும் கடைக் கல்லாவிலும் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் திண்டுக்கல்லில் ஏராளம். எடை கூடக் கூட, பஸ் படியில் ஏறும்போதே பலருக்குக் கால் தடுமாறுகிறது. தொந்தி விழுந்தால் உடலின் பாரம் முன்பக்கம் சாயும். அதைத் தாங்க வேண்டிய கணுக்காலும் தொடையும் உழைப்பில்லாமல் தளர்ந்து கிடக்கின்றன. நடந்தால் சரியாகிவிடும் என்றே பெரும்பாலோர் நம்புகிறோம். நடை அவசியம்தான், தடுமாற்றத்துக்கு அது மட்டும் போதாது.

முதலில் ஒரு சோதனை: சுவரோரமாக, ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் 10 நொடி நின்று பாருங்கள்.

நடைப்பயிற்சி: செலவில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையை அறிவித்தது. ஆனால் சமதளத்தில் ஒரே சீராக நடக்கையில் சமநிலைக்குப் பெரிய வேலை இல்லை.

வீட்டுப் பயிற்சி: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, அடிமேல் அடி வைத்து நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. 60 வயது கடந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளை 2019இல் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. சமநிலைப் பயிற்சி விழுவதை 24 சதவீதம் குறைத்தது. தசை வலுவூட்டலும் சேர்ந்தபோது 34 சதவீதம். நடை மட்டும் விழுவதைக் குறைக்கும் என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை.

யோகா: தாடாசனமும் விருட்சாசனமும் நேரடியாகச் சமநிலைக்கானவை. சுவரைப் பிடித்துச் செய்ய அனுமதிக்கும் ஆசிரியரைத் தேடுங்கள்.

சிலம்பம்: காலடி வரிசையில் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். அருமையான பயிற்சி, ஆனால் முட்டி வலி இல்லாதவர்களுக்கு, அதுவும் கால் ஓரளவு வலுத்த பிறகு.

திண்டுக்கல் மலைக்கோட்டை ஏறுவது: தொடை வலுக்கும். இறங்கும்போதுதான் முட்டியில் பாரம் இறங்கும், கால் இடறும். இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது? 10 நொடி நிற்க முடியாதவர்கள் வீட்டுப் பயிற்சியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். நிற்க முடிந்தவர்கள் அதோடு யோகாவையோ சிலம்பத்தையோ சேர்க்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், ஏற்கெனவே விழுந்தவர்கள் முதலில் டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் பார்க்க வேண்டும். நடமாட முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

என் பரிந்துரை: வாரத்தில் 3 நாள் வீட்டுப் பயிற்சி, மற்ற நாள்களில் நடை. எடை குறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எடை இறங்காமலேயே கால் வலுக்கும், நிற்பது நிதானப்படும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை நேர்ந்திருப்பவர்கள் ஐப்பசியிலேயே தொடங்கிவிடுங்கள்.