ஊர் ஊராய் ஆடியவர், ஊர் ஊராய்ப் பயிற்றியவர்



கால்பந்தாட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் யார்? கோல் அடித்தவர் வருவார். கோப்பையை உயர்த்திப் பிடித்தவர் வருவார். களத்தில் இறங்குவோர் இருபத்திருவர். மறுநாள் பத்திரிகை பேசுவதோ இரண்டு மூன்று பேரைப் பற்றித்தான். எஞ்சியவர்கள் எங்கே போகிறார்கள்? ஓர் அணியில் சில ஆண்டு, மற்றோர் அணியில் சில ஆண்டு என்று சோறு கிடைத்த இடமெல்லாம் ஆடி, கால் ஓய்ந்தபின் அவர்கள் என்ன ஆகிறார்கள்? இக்கேள்விக்கு விடை தேடினால் ஒரு தனிமனிதர் வரலாறு மட்டுமன்று, இந்தியக் கால்பந்தின் பொருளாதார வரலாறே நமக்குக் கிடைக்கும். அதற்குச் சான்றாக டி. கே. சாத்துண்ணி என்பவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம் மலையும் அவர் ஊரும்

சாத்துண்ணி திருச்சூர் மாவட்டத்துச் சாலக்குடியைச் சேர்ந்தவர். பாலக்காட்டு எல்லையில் உள்ள பரம்பிக்குளத்துக் காடுகளில் பிறக்கும் நீர் ஓடிவந்து சேரும் ஆறுதான் சாலக்குடி ஆறு. அவ்வூரிலிருந்து மலையேறும் சாலை மலக்கப்பாறை வழியாக வால்பாறைக்குச் செல்கிறது. அங்கே தேயிலைக் கொழுந்து பறிப்போரில் தமிழர் பலர். எனவே சாலக்குடி நமக்கு அயலூர் ஆகாது. என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து இடுக்கி மலைக்குத் தோட்ட வேலைக்கு வந்தவர். நான் மூணாற்றுப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவன். மலையடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர் இந்தியா முழுவதும் சுற்றி வந்த கதை எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

படை, துறைமுகம், ஆலை

சாத்துண்ணியின் ஆட்ட வாழ்க்கை செகந்திராபாத்தில் தொடங்கியது. இராணுவத்தின் மின் இயந்திரப் பொறியியல் பிரிவான ஈ.எம்.ஈ. மையத்தின் அணியில் அவர் ஆடினார். பின்பு கோவாவில் வாஸ்கோ அணி. அதன்பின் பம்பாயில் ஆர்க்கே மில் அணி. 1973 ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த மெர்டெக்கா போட்டியில் இந்திய அணியிலும் இடம் பெற்றார்.

இந்த மூன்று பெயர்களையும் ஊன்றிக் கவனியுங்கள். முதலாவது படை, இரண்டாவது துறைமுக நகரத்துக் கழகம், மூன்றாவது ஆலை. இது தற்செயலாக அமைந்த வரிசை அன்று. அக்காலத்து இந்தியக் கால்பந்தாட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் இவர்களே. தொழில்முறைக் கழகம் என்ற ஒன்று நம் நாட்டில் வேரூன்றாத காலம் அது. ஆட்டக்காரன் ஏட்டில் சிப்பாயாக, எழுத்தராக, ஆலைத் தொழிலாளியாக இருப்பான். மாலையில் பயிற்சிக்கு விடுப்பு உண்டு. போட்டிக்காலத்தில் வெளியூர் செல்ல அனுமதி உண்டு. முதுமையில் ஓய்வூதியமும் உண்டு. அணியால் நிறுவனத்துக்குப் பெயர். நிறுவனத்தால் ஆட்டக்காரனுக்குச் சோறு.

இம்முறையின் பயன் சிறிதன்று. நீலகிரியில் வெலிங்டனைத் தளமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமென்ட் மைய அணி 1955 ஆம் ஆண்டிலும் 1958 ஆம் ஆண்டிலும் டூரண்ட் கோப்பையை வென்றது. சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி; கேரளத்தில் பிரீமியர் டயர்ஸ், டைட்டானியம், ஃபாக்ட், மின்சார வாரியம் ஆகியவை அணிகளை வளர்த்தன. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் இடுக்கி மலையில், பள்ளிவாசலில், 1940 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அம்மலை நீரால் மின்சாரம் விற்ற வாரியம் கால்பந்து அணியும் வைத்திருந்தது. சாத்துண்ணி பிற்காலத்தில் அவ்வணிக்கும் பயிற்சியாளராக இருந்தார்.

ஆனால் இம்முறையில் ஒரு குறையும் உண்டு. ஆலையின் கணக்கு ஏடு சரிந்தால் அணியும் சரியும். மஹிந்திரா யுனைடெட் அணி 2010 ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. மில் அணி 2011 ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. ஆட்டக்காரன் எவ்வளவு திறமை உடையவனாயினும் தன் விதியைத் தான் எழுத முடியாது. ஆகவே அவன் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டியவன். இதை அறியாதவர்களே அவனை "ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்" என்று ஏளனம் செய்வார்கள்.

கால் ஓய்கிறது, கண் விழிக்கிறது

இனி ஒரு சிறு அறிவியல் பாடம். முப்பது வயதைக் கடந்தபின் நம் உடலில் விரைவாகச் சுருங்கும் தசைநார்கள் படிப்படியாகத் திறன் குறைகின்றன. நெடுநேரம் ஓடும் ஆற்றல் சில ஆண்டுகள் தாக்குப் பிடிக்கும். பாய்ந்து ஓடும் வேகமே முதலில் விடைபெறும். ஆட்டக்காரனின் தொழில் முடியத் தொடங்குவது இங்கேதான்.

ஆனால் வேறொரு கணக்கையும் பாருங்கள். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவர் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் நடந்தும் ஓடியும் கடக்கிறார். அவர் காலில் பந்து இருக்கும் நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டுவது அரிது. மிகுதி எண்பத்தேழு நிமிடம் அவர் என்ன செய்கிறார்? எங்கே நிற்பது, எப்போது நகர்வது, யாரை மறிப்பது என்று முடிவு செய்துகொண்டிருக்கிறார். கால்பந்தின் பெரும்பகுதி பந்தில்லாத ஆட்டமே. இவ்வறிவு வயதோடு குறைவதில்லை. பல களங்களில் பல பேரோடு ஆடியவனுக்குப் பெருகுகிறது. பிறவித் திறமை மிக்கவர் பலர் தாம் செய்ததை விளக்கத் தெரியாமல் திகைப்பதும், நடுத்தர ஆட்டக்காரர் பலர் நல்லாசிரியர் ஆவதும் இதனால்தான். எளிதில் வந்ததை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. உழைத்துப் பெற்றதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்ட முடியும்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். பயிற்சியாளரின் கலை அதுவே. சாத்துண்ணியிடம் பயின்றவர்களின் பட்டியலைப் பாருங்கள்: ஐ. எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, சி. வி. பாப்பச்சன். விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஏழைச் சிறுவன். அவர் பின்பு கேரளப் போலீஸ் அணியில் சேர்ந்தார். அவ்வணி 1990 ஆம் ஆண்டு திருச்சூரிலேயே சால்கோகர் அணியை 2-1 என்று வென்று ஃபெடரேஷன் கோப்பையைக் கைப்பற்றியது. மறு ஆண்டும் வென்றது. சோடாக் கடைக்கும் கோப்பைக்கும் இடையே நின்றவை யாவை? சிறுவனைக் கண்டெடுத்த கண், அவனுக்குக் கற்பித்த வாய், அவனுக்கு வேலை கொடுத்த அலுவலகம் ஆகிய மூன்றுமே. இம்மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் நாம் விஜயனை அறிந்திருக்க மாட்டோம்.

எல்லை தாண்டிய கல்வி

பயிற்சியாளர் தாம் பிறந்த ஊரில்தான் பயிற்ற வேண்டும் என்ற நியதி இல்லை. 1956 ஆம் ஆண்டு கேரள மாநிலம் அமைந்தது. சந்தோஷ் கோப்பைக்காக அது பதினேழு ஆண்டுகள் காத்திருந்தது. 1973 ஆம் ஆண்டு டிசம்பரில் எர்ணாகுளத்தில் இரயில்வே அணியை 3-2 என்று வென்று முதன்முறையாக அக்கோப்பையைப் பெற்றது. தலைவர் மணி மூன்று கோல்களையும் அடித்தார். அவ்வணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழர்! கேரளத்தின் முதல் வெற்றிக்குத் தமிழர் ஒருவர் வழிகாட்டினார் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

அதுபோலவே சாத்துண்ணியும் ஊரெல்லை பார்க்கவில்லை. கோவாவில் எம்.ஆர்.எஃப்., சர்ச்சில் பிரதர்ஸ், சால்கோகர், கேரளத்தில் எஃப்.சி. கொச்சின், விவா கேரளா என்று அவர் பயிற்றிய அணிகள் பல. அவற்றுள் மிகக் கடினமான இடம் கல்கத்தா.

1889 ஆம் ஆண்டு தோன்றிய மோகன் பகான் கழகம் வங்காளியின் தன்மானத்தோடு கலந்தது. 1997 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் நாள் சால்ட் லேக் மைதானத்தில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்னிலையில் அது தன் பரம்பரைப் போட்டியாளரான ஈஸ்ட் பெங்காலிடம் 1-4 என்று தோற்றது. பயிற்சியாளர் அமல் தத்தா வகுத்த வைர வடிவ வியூகம் அன்று சிதறியது. அதே பருவத்தில் நடந்த தேசிய லீக் போட்டிக்கு அணியின் பொறுப்பு சாத்துண்ணியின் கைக்கு வந்தது. மொழி வேறு, உணவு வேறு, ஆட்டத்தை நேசிக்கும் முறையும் வேறு. தோற்றால் திட்டுவதற்கு ஒரு நகரமே காத்திருந்தது. 1998 ஆம் ஆண்டு பருவம் முடிந்தபோது மோகன் பகான் தன் முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றிருந்தது. செகந்திராபாத்திலும் வாஸ்கோவிலும் பம்பாயிலும் அயலவராக வாழ்ந்து பழகிய ஒருவர், அயலூர் அணியைக் கட்டி நிறுத்தும் வித்தையை அறிந்திருந்தார் என்பதில் என்ன வியப்பு!

களத்தை அறிதல்

பல ஊர் கண்டவனுக்கே விளங்கும் மற்றொரு செய்தியும் உண்டு. மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கும் காற்றின் விசை அடர்த்திக்கு ஏற்றபடி அமைவதால், அதே உதைக்குப் பந்து அங்கே சற்றுத் தொலைவு போகும். சுழற்றி உதைத்தால் வளைவு குறையும். கீழிருந்து வந்த ஆட்டக்காரனுக்கு மூச்சும் விரைவில் வாங்கும். கல்கத்தாவின் மழைக்காலச் சேற்றில் பந்து உருளாது. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் உடல்நீர் வியர்வையாய் இறங்கும். ஒரே பாடத்தை எல்லாக் களத்திலும் ஒப்பிக்கும் ஆசிரியர் தோற்பார்.

நாம் செய்ய வேண்டுவது

நம் மலைகளில் கால்பந்து புதிதன்று. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஃபின்லே கேடயப் போட்டி 1941 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் அணி. கொழுந்து மூட்டை சுமந்த தோள்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டச் சட்டை அணியும். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் இடக்காலால் மூலை உதையை நேரே வலைக்குள் வளைப்பான். அவனைக் கண்டு வியந்தவர் பலர், கற்பித்தவர் ஒருவருமில்லை. இப்போது கொச்சியில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். முன்னே சொன்ன மூன்றில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை, அலுவலகமும் இல்லை. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கி வண்டிப்பெரியாற்றிலும் இப்படி எத்தனை இடக்கால்கள் வீணாயினவோ!

அலுவலகத்தை நம்மால் உண்டாக்க முடியாது. ஆனால் கண்ணும் வாயும் நம் கையில் உள்ளன. பாட்டியாலாவில் 1961 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிலையம் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போ டி, சி, பி, ஏ என்று படிப்படியாகச் சான்றிதழ் வழங்குகிறது. டி சான்றிதழுக்குச் சில நாள் பயிற்சியே போதும். பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுவதில்லை. நம் மன்றத்திலிருந்து ஆண்டுக்கு இருவர் அதைப் பெற்று, கோடை விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் என்ன? இதை மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். ஆதரவு தருமாறு வேண்டுகிறேன்.

இறுதியாக ஒன்று. கேரளத்தில் நம்மைப் 'பாண்டி' என்பார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தால் 'மலையாளத்தான்' என்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால் விடை சொல்ல நா தயங்கும். சாத்துண்ணி 2024 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள் தம் எழுபத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அவர் மறைவுக்குச் சாலக்குடியோடு கோவாவும் கல்கத்தாவும் வருந்தின. இவற்றுள் எது அவர் ஊர்? எங்கெல்லாம் அவர் கற்பித்த பிள்ளைகள் பந்தை நிறுத்தி, தலை நிமிர்ந்து, அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தார்களோ, அங்கெல்லாம் அவருக்கு ஊர் இருந்தது. ஊரை இழந்தோம் என்று வருந்தும் நாம், போன இடத்தில் எதைக் கற்றோம், அதை யாருக்குக் கற்பித்தோம் என்று எண்ணத் தொடங்குவோமாக!